தங்கச்சி மகளின் ரத்த ரிப்போர்ட்: இதில் மூளையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

பெரியம்மா_தேவகோட்டை · செவ்வாய், இரவு 9:40

என் தங்கச்சி மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கரிமூட்ட வேலை. சீமைக்கருவேலை வெட்டுகிற காட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டுத் தங்குவார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு ஊர். பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆகும்போது தங்கச்சி மறுபடி உண்டாகிவிட்டாள். பால் நின்றுபோச்சு. அதிலிருந்து கஞ்சித் தண்ணி, டீயில் நனைத்த பன்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கன்னம் உப்பி, கால் பொதபொதவென்று இருந்தது. "பிள்ளை புஷ்டியாத்தானே இருக்கு" என்றார் அவள் மாமியார். முடி செம்பட்டையாக இருந்ததை எண்ணெய் காணாத தலை என்று நினைத்தோம். எனக்கு உறுத்தியது வேறு. அவள் முகத்தில் ஈ உட்கார்ந்தது. அவள் தட்டவில்லை. ஈ தானாகப் பறக்கும்வரை அப்படியே இருந்தாள்.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதி அனுப்பிவிட்டார்கள், பத்து நாள் வீணாச்சு. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகிறது. ரிப்போர்ட்டை அப்படியே தருகிறேன். ஹீமோகுளோபின் 7.4. அல்புமின் 1.9. சோடியம் 128. பொட்டாசியம் 2.8. சிஆர்பி 46. ஃபெரிட்டின் 140. வந்த அன்று சர்க்கரை 47.

குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருத்தர் "இவ்வளவு கம்மின்னா மூளை அவ்வளவுதான், மனசைத் தேத்திக்கங்க" என்று போட்டிருக்கிறார். இதில் எந்த நம்பர் மூளையைச் சொல்கிறது? டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது, அதனால்தான் இங்கே.

ஓய்வு_லேப்காரன் · செவ்வாய், இரவு 10:15

அம்மா, நான் அரசு ஆய்வகத்தில் 31 வருஷம் ரத்தம் பார்த்தவன். வைத்தியம் சொல்லமாட்டேன், நம்பரைப் படிக்கச் சொல்லித்தருகிறேன்.

நீங்கள் கடைசியாக எழுதியதுதான் முதலில் பார்க்கவேண்டியது: சர்க்கரை 47. இந்த மாதிரி ஊட்டச்சத்து ரொம்பக் குறைந்த பிள்ளைகளுக்கு 54-க்குக் கீழே போனால் ஆபத்துக் கணக்கு. மூளை சர்க்கரையில் ஓடுகிற இயந்திரம், அதற்கென்று தனிச் சேமிப்பு கிடையாது. நோஞ்சான் பிள்ளைக்குக் கல்லீரலிலும் இருப்பு இல்லை, தசையிலும் இல்லை. நாலு மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே இறங்கிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் மூளையை அந்த நிமிஷமே தொடுகிற நம்பர் அது ஒன்றுதான். அதை வார்டில் உடனே சரிசெய்திருப்பார்கள்.

அடுத்தது ஃபெரிட்டின் 140. "இரும்பு நிறைய இருக்கே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பு வைக்கிற பெட்டகம்தான், ஆனால் உடம்பில் கிருமி புகுந்தால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பெட்டகத்தின் எண்ணிக்கை ஏறும். சிஆர்பி 46 அதைத்தான் சொல்கிறது: எங்கேயோ தொற்று இருக்கிறது. ஐந்து வயதுக்குள் ஃபெரிட்டின் 12-க்குக் கீழே என்றால் இரும்பு இல்லை என்று அர்த்தம். தொற்று இருக்கும்போது அந்தக் கோட்டை 30-க்குத் தூக்கிவைக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிஆர்பி இவ்வளவு ஏறியிருக்கும்போது 140-ஐ வைத்துக்கொண்டு இரும்பு உண்டு என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

ஒரு சின்ன இடைச்செருகல். விரலில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்க்கிற பட்டை இருக்கிறதே, அதில் நடப்பது மின்வேதியியல். நொதி சர்க்கரையைத் தொடும், மின்சாரம் லேசாக ஓடும், கருவி அதை அளக்கும். 1953-இல் காரைக்குடியில் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், திறந்தபோது நம் ஊர்க்காரர்கள் மின்வேதியியல் என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு முலாம் பூசுவது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வார்டு_பிஜி · செவ்வாய், இரவு 11:50

பள்ளத்தூர்தான் எனக்கு, இப்போது வெளியூரில் குழந்தை மருத்துவம் படிக்கிறேன். லேப் அண்ணன் சொன்னது சரி. மேலே கொஞ்சம் சேர்க்கிறேன். உங்கள் வார்டு டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி, அவர்தான் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறார்.

அல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம். அது 1.9 என்று பார்த்ததும் "அல்புமின் ஏற்றுங்கள், ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றுங்கள்" என்று சொந்தக்காரர்கள் சண்டை போடுவார்கள். போடவிடாதீர்கள். சோடியம் ரத்தத்தில் குறைவாகத் தெரிந்தாலும் இந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள் அது அதிகமாகவே இருக்கிறது, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இதயம் மெலிந்திருக்கும்போது பாட்டிலை ஏற்றினால் தாங்காது. ரத்த ஓட்டம் குன்றி அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போனால் தவிர டிரிப் கிடையாது. ஹீமோகுளோபின் 7.4-க்கும் ரத்தம் ஏற்றமாட்டார்கள். 4-க்குக் கீழே போனாலோ, 4-இலிருந்து 6-க்குள் இருந்து மூச்சுத் திணறினாலோதான் ஏற்றுவது.

இரும்பு மருந்தும் முதல் வாரம் கிடையாது. தொற்று அடங்கி, பசி வந்து, எடை ஏற ஆரம்பித்த பிறகுதான். ஏன் என்று எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். இரும்பைக் கட்டிவைக்கிற புரதம் இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் குறைவு. கட்டிப்போட ஆள் இல்லாத இரும்பு கிருமிக்குத்தான் முதலில் தீனி.

இப்போது மூளை. 1992-இல் கேப் டவுனில், உங்கள் பிள்ளை மாதிரி வீங்கிப்போய்ச் சேர்ந்த குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்கியிருந்தது. சாப்பாடு கொடுத்துத் தேற்றி மறுபடி எடுத்தபோது விரிந்திருந்தது. "அவ்வளவுதான்" என்று போட்ட வாட்ஸ்அப் மாமாவுக்கு இதை அனுப்புங்கள். ஆனால் சுருக்கம் போவது ஒன்று, மூளை செய்யவேண்டிய வேலையைச் செய்வது இன்னொன்று. இரண்டாவதைப் படத்திலும் பார்க்கமுடியாது, ரத்தத்திலும் பார்க்கமுடியாது.

கானாடுகாத்தான்_ஆச்சி · புதன், காலை 6:05

தாயி, இது சவலை. எங்க காலத்தில் அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தாலே மூத்ததைத் "சவலைப் பிள்ளை, பார்த்துக்க" என்று சொல்வார்கள். அதற்கென்று ஒருத்தி தனியாக ஊட்டுவாள். கொட்டகையில் யார் இருக்கா ஊட்ட? பிள்ளை தேறட்டும், ஆடிக் கும்மாயம் கிண்டித் தருகிறேன். உளுந்து, கருப்பட்டி, நெய். கல்லும் கரையும்.

வார்டு_பிஜி · புதன், காலை 7:30

ஆச்சி, நீங்கள் சொன்ன சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், இந்த வீக்க நோயை 1933-இல் எழுதினார். 1935-இல் அதற்கு அந்த ஊர் கா மொழிப் பெயரையே வைத்தார், குவாஷியார்க்கர் என்று. அடுத்த பிள்ளை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வருகிற நோய் என்று அர்த்தம். அப்படியே நம் சவலை. உலகப் பாடப்புத்தகத்தில் நம் சொல் ஏறியிருக்கலாம், ஏறவில்லை.

கும்மாயம் இப்போது வேண்டாம் ஆச்சி, கோபிக்காதீர்கள். முதல் சில நாளுக்கு எஃப்-75 என்கிற பால் கலவைதான், 100 மில்லியில் 75 கலோரி, புரதமும் உப்பும் குறைவு. நெய்யும் உளுந்துமாக இப்போதே கொடுத்தால் உடம்பு திணறும். இவ்வளவு நாள் மூடிக் கிடந்த கடையில் ஒரே நாளில் தீபாவளிக் கூட்டம் மாதிரி. பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் சடாரென்று இறங்கும். பசி வந்த பிறகு எஃப்-100, அதைவிடச் சத்துக் கூடின பால் கலவை. அதற்கும் பிறகு உங்கள் உளுந்து.

செக்காலை_ரோடு · புதன், காலை 9:12

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்துவது. எங்கள் ஐயா பஞ்சத்தில் கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தவர். ரங்கூன் கடைக் கணக்கை வட்டி உட்பட வாயாலேயே போடுவார். மூளை எங்கே குறைந்தது?

ஓய்வு_லேப்காரன் · புதன், காலை 9:40

அண்ணே, உங்கள் ஐயா பிழைத்ததால் கதை சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். பிழைக்காத பிள்ளைகளின் பேரன்கள் இந்த இழையில் எழுத வரமாட்டார்கள்.

வார்டு_பிஜி · புதன், மதியம் 1:20

செக்காலை அண்ணன் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லமுடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் தெரிகிறது. பார்படோஸ் தீவில் 1967-க்கும் 1972-க்கும் இடையில் பிறந்து, முதல் வயதில் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் சேர்க்கப்பட்ட குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களாகும்போது உயரம், எடை எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பள்ளி வயதில் நூற்றுக்கு 60 பேருக்குக் கவனம் நிற்கவில்லை. அதே வகுப்பில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளில் அது 15 பேருக்கு. மீதி 40 பேர் உங்கள் ஐயா மாதிரி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிராந்தம்-மெக்ரெகர் குழு, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. சிலருக்குப் பால் மாவு கிடைத்தது. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார், இரண்டு வருஷம். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்தால், விளையாட்டுக் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். வளர்ந்த பிறகு வருமானத்தில் வித்தியாசம் காட்டியது விளையாட்டுத்தான், பால் மாவு மட்டும் கொடுத்ததில் அது தெரியவில்லை. எனக்கு இது இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

பெரியம்மா_தேவகோட்டை · புதன், இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம்.

ஒன்று, எடை குறைகிறது! சேர்த்த அன்று 7.9 கிலோ, இன்று 7.3. சாப்பிட்டும் இறங்குகிறதே என்று தங்கச்சி அழுகிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் எழுப்பி ஊட்டச்சொல்கிறார், "தூங்குற பிள்ளையை எழுப்புறாங்களே" என்று அதற்கும் அழுகை.

இரண்டு, மைத்துனர் ஒருத்தர் ஒரு லேப் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். "குழந்தை மூளை வளர்ச்சி பேனல்", 7,500 ரூபாய். பி12, டி, துத்தநாகம், பிடிஎன்எஃப் என்று ஏதேதோ. கடன் வாங்கியாவது எடுப்போம் என்கிறார்கள்.

வார்டு_பிஜி · புதன், இரவு 10:30

எடை குறைவது நல்ல சேதி. பாதத்தின் மேல்பக்கம் கட்டைவிரலால் மூன்று விநாடி அமுக்கிவிட்டு எடுங்கள். சேர்த்த அன்று குழி விழுந்து அப்படியே நின்றிருக்கும். இன்று மேலோட்டமாகத்தான் விழும். இறங்கிய 600 கிராமும் நீர். நீர் வடிந்த பிறகு வருகிற எடைதான் அவளுடைய நிஜ எடை, அங்கிருந்துதான் ஏறும். வீக்கம் வடிந்த பிறகும் அல்புமின் ஏறாமல் இருக்கலாம், அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

ராத்திரி இரண்டு மணி: லேப் அண்ணனின் 47-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் போவது விடியற்காலையில், வயிறு காலியாகவும் உடம்பு சில்லிட்டும் இருக்கும்போது. எழுப்புகிற நர்ஸுக்குத் தங்கச்சி சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பேனல் வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வியாபாரம் பெருகிக்கொண்டு வருகிறது.

பிடிஎன்எஃப் என்பது மூளை நரம்பு வளரத் தேவையான ஒரு புரதம். ஆனால் ரத்தத்தில் அளந்தால் பெரும்பகுதி தட்டணுக்களிலிருந்து வந்தது. மூளைக்குள் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆராய்ச்சியில் அளப்பார்கள், அதில் அர்த்தம் உண்டு. நூறு பிள்ளைகளின் சராசரியை இன்னொரு நூறோடு ஒப்பிடும்போது வருகிற அர்த்தம் அது. சிவகங்கை மாவட்டத்தின் மழைச் சராசரியை வைத்து உங்கள் வீட்டு வளவில் இன்று தண்ணீர் நிற்குமா என்று சொல்லமுடியாது இல்லையா?

வைட்டமின் டி கதையைக் கேளுங்கள். பாகிஸ்தானின் தெற்குப் பஞ்சாபில் 185 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைட்டமின் டி பெரிய டோஸாக, இரண்டு லட்சம் யூனிட் வீதம் இரண்டு முறை கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. எடையும் ஏறியது, நடை, பேச்சு மாதிரியான வளர்ச்சியும் மேம்பட்டது. எல்லோரும் துள்ளினோம். பிறகு லாகூரில் இன்னும் பெரிதாகச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. முதல் செய்தியைப் படித்த கையோடு கடையில் வாங்கி ஊற்றியவர்களும் இருப்பார்கள், அளவு மீறினால் வைட்டமின் டி விஷம்.

மனசுக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. டாக்காவின் மீர்பூரில், மிதமான குறைபாடுள்ள 118 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை வளர்க்கிற மாதிரி ஒரு உணவு செய்து கொடுத்தார்கள். வங்கதேசத்தின் தஹ்மீத் அகமது, அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டன் குழு, 2021. எடை நன்றாக ஏறியது. ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து பார்த்ததில், எலும்பு வளர்ச்சிக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தொடர்புடைய புரதங்களும் கூடவே ஏறியிருந்தன. ரத்தக் குறியீடுகளின் எதிர்காலம் இப்படித்தான் இருக்கும். இன்று நம் வார்டில் பயன்படும் நிலைக்கு வரவில்லை.

கானாடுகாத்தான்_ஆச்சி · வியாழன், காலை 5:50

அந்த உணவில் என்ன போட்டார்கள் தம்பி?

வார்டு_பிஜி · வியாழன், காலை 7:02

கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா மாவு, வாழைக்காய்.

கானாடுகாத்தான்_ஆச்சி · வியாழன், காலை 7:10

அடுப்படியில் கிடக்கிறதை அமெரிக்காக்காரன் வந்து சொல்லவேண்டியிருக்கு. (சோயா எங்க வீட்டில் கிடையாது, அதை விட்டுவிடு.)

ஓய்வு_லேப்காரன் · வியாழன், காலை 8:25

பேனலில் ஒன்றே ஒன்று மட்டும் நான் விட்டுவிட மாட்டேன்: பி12. பிள்ளைக்கு எடுக்கவேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், ஆனால் தங்கச்சி என்ன சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். சோறும் ரசமும் மட்டும் சாப்பிடுகிற தாயின் பாலில் பி12 போதுமான அளவு இருக்காது. பால் மட்டுமே குடித்த பிள்ளை வெளுத்து, விரல் மூட்டு கறுத்து, கை நடுங்கி, முன்பு செய்ததையெல்லாம் மறந்து உட்காரும். நான் சர்வீஸில் இருந்தபோது அப்படிப் பிள்ளைகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன், சிவப்பணு ஒவ்வொன்றும் இட்லி மாதிரி பெருத்து இருக்கும். ஊசி போட்டதும் தேறுவதைப் பார்த்தால் நம்பமுடியாது. இப்போது அவள் வயிற்றில் இன்னொன்று இருக்கிறது, அதற்காகவும் கேட்கிறேன்.

பெரியம்மா_தேவகோட்டை · வியாழன், காலை 11:15

கேட்டேன் அண்ணே. சோறு, புளித்தண்ணி, ஊறுகாய். கருவாடு கிடைத்தால் அது அவருக்கும் பெரியவனுக்கும். டாக்டரிடம் சொன்னேன், தாய்க்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அங்கன்வாடி_அக்கா_புதுவயல் · வியாழன், மாலை 4:40

நான் படித்தது பத்தாவதுதான், புரதம் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் என் கையில் ஒரு டேப் இருக்கிறது. கை நடுவில் சுற்றினால் 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், மேலே பச்சை. ஒரு ரூபாய் செலவில்லை. ஊர் ஊராகப் போகிற கரிமூட்டக்காரர், செங்கல் சூளைக்காரர் பிள்ளைகள்தான் எங்கள் பதிவேட்டில் விழாமல் நழுவுகிறார்கள். இந்த ஊரில் எடை போட்டால் அடுத்த மாதம் வேறு ஊர். போன வருஷம் ஒரு சூளைக்கு நாங்களே சைக்கிளில் போனோம், நாய் துரத்தியதுதான் மிச்சம், மேஸ்திரி உள்ளே விடவில்லை.

உங்கள் பிள்ளைக்கு நான் சொல்வது விளையாட்டு. காலி பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டு மூடியை நன்றாக டேப் ஒட்டி இறுக்கிவிடுங்கள், பிரித்து முழுங்கிவிடக் கூடாது. காதுக்குப் பின்னால் ஆட்டுங்கள். திரும்புகிறாளா பாருங்கள். திரும்பாவிட்டால் மறுநாள் மறுபடி. முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஊட்டுகிற நேரம் தனி. தங்கச்சிக்கு முடியாவிட்டால் மூத்த பையனை உட்கார வையுங்கள், அவன் நம் எல்லோரையும்விட நன்றாகச் செய்வான்.

வார்டு_பிஜி · வியாழன், மாலை 6:15

இந்தப் பிள்ளைகளைத் தேற்ற உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துப் படிகளில் அக்கா சொன்னது ஒன்பதாவது படி. வார்டில் நாங்கள் அடிக்கடி விட்டுவிடுகிற படியும் அதுதான். எட்டுப் படிக்குச் சார்ட் உண்டு, கையெழுத்து உண்டு. ஒன்பதுக்கு ஆள் இல்லை.

செக்காலை_ரோடு · வியாழன், இரவு 9:00

நேற்று எழுதியது கொஞ்சம் அதிகப்படி. ஐயாவோடு பிறந்தது ஏழு பேர், தங்கியது மூன்று என்று அம்மா இன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தங்குகிறவர்களுக்கு இரண்டு நேரச் சாப்பாடு என் பொறுப்பு, தனிச் செய்தியில் வார்டு எண் அனுப்புங்கள்.

பெரியம்மா_தேவகோட்டை · அடுத்த வியாழன், இரவு 7:30

பதிமூன்றாம் நாள். எடை 7.1 வரை இறங்கி இப்போது 7.6. வீக்கம் இல்லை, கால் குச்சி மாதிரி தெரிகிறது, மாமியார் "பிள்ளையை வத்த வச்சிட்டாங்க" என்கிறார். எஃப்-100 குடிக்கிறாள், டம்ளரைப் பிடுங்குகிறாள். சிஆர்பி 4. இரும்பு மருந்து நேற்று ஆரம்பித்தார்கள். ஹீமோகுளோபின் 7.6, ஏன் ஏறவில்லை என்று கேட்டேன், "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, ஒரு மாசம் போகட்டும்" என்றார்கள். தங்கச்சிக்கு பி12 குறைவு என்று வந்திருக்கிறது, ஊசி போடுகிறார்கள்.

பவுடர் டப்பா. முதல் நான்கு நாள் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாள் கண்ணை மட்டும் ஓட்டினாள். நேற்று பெரியவன் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து "காணோம்" என்றான். அவள் கட்டிலில் தவழ்ந்து அவனைச் சுற்றிப் பின்பக்கம் போய் எடுத்தாள். எடுத்துவிட்டு அவன் தலையில் ஓங்கி அடித்தாள். வார்டே சிரித்தது, அவன் மட்டும் அழுதான்.

ஓய்வு_லேப்காரன் · அடுத்த வியாழன், இரவு 7:52

மறைத்து வைத்தது அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்து போயிருக்கிறாள். அந்த ரிப்போர்ட்டை எந்த லேப்பிலும் வாங்கமுடியாது. ஹீமோகுளோபின் நான்கு வாரம் கழித்துப் பாருங்கள், அதற்குள் தினமும் குத்தவேண்டாம்.

அங்கன்வாடி_அக்கா_புதுவயல் · அடுத்த வியாழன், இரவு 8:20

டிஸ்சார்ஜ் ஆனதும் கொட்டகைக்கு அனுப்பிவிடாதீர்கள், இரண்டு மாதமாவது உங்கள் வீட்டில் இருக்கட்டும். தேவகோட்டையில் உங்கள் தெரு எந்த மையத்தில் வரும் என்று சொல்லுங்கள், அங்கே இருக்கிற டீச்சர் எனக்குத் தெரிந்தவர்தான். பெயரைச் சேர்த்து மாவு வாங்கித் தருகிறேன். திங்கள் சந்தைக்குக் காரைக்குடி வந்தால் பிள்ளையையும் தூக்கி வாங்க, டேப் பையிலேயே இருக்கும்.

பெரியம்மா_தேவகோட்டை · அடுத்த வியாழன், இரவு 8:31

வருகிறேன் அக்கா. டப்பாவையும் எடுத்து வருகிறேன், அது இல்லாமல் இப்போது எங்கேயும் கிளம்பமாட்டேன் என்கிறாள்.